ஒன்பதாம் திருநாளும் நான்கு டெஸ்க்டாப்பும்

பங்கு அலுவலகக் கம்ப்யூட்டர் உயிர்த்தெழ ஒரு முழு ஜெபமாலை நேரம் ஆனதால், பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கும் அனீஷ் அதிலிருந்த கனத்த சாமானையெல்லாம் கழற்றிவிட்டு திரையை மட்டும் நிர்வகிக்கிற விண்டோ மேனேஜர் என்ற இலேசான ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்திருந்தான். இப்போது ஒரு அருள்நிறைந்த மரியே சொல்வதற்குள் திரை வந்துவிடும். வந்த திரையில் ஒன்றும் இருக்காது. ஐகான் கிடையாது, ஸ்டார்ட் பொத்தான் கிடையாது, சாம்பல் நிறம் மட்டும். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். இதற்கான செட்டிங்ஸ் கோப்பை இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்தான். அனீஷ் அதை அப்படியே எடுத்துப் போட்டான். படித்துப் பார்க்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அதில்தான் திருவிழா நோட்டீஸ் தயாரானது. பத்து நாள் திருவிழாவில் எந்த நாளுக்கு எந்தக் குடும்பம், யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்பதுதான் நோட்டீஸ். புனிதரைப் பற்றியும் இரண்டு வரி வரும். சப்பரம் சுற்றுகிற ஒன்பதாம் திருநாளில் முதல் பெயர் யாருக்கு என்று, விசைப்படகு வைத்திருக்கும் ததேயுஸுக்கும் மஸ்கட்டிலிருந்து திரும்பிய சிலுவைக்கும் மூன்று கமிட்டிக் கூட்டங்களாக இழுபறி. போன வருடம் பாதியில் சேவ் செய்த பட்டியலே அச்சாகிவிட்டதால், எல்லாரும் சம்மதிக்காமல் சேவ் செய்யக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானமே போட்டிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு எல்லாரும் சம்மதித்தார்கள். எப்படி என்று அவர்களுக்கே விளங்கவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அது தினப்படி வழக்கம். யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்து, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அனீஷ் சேவ் செய்யப் போகையில், கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று சிலுவை மவுஸைப் பிடித்தார். நோட்டீஸ் மறைந்தது. சாம்பல் நிறம் வந்தது.

சம்மதித்தது மனசுக்கு ஒப்பாமல் சிலுவை வேண்டுமென்றே அழித்துவிட்டதாக ததேயுஸ் சொன்னார். ஸ்டார்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எதையும் யாரும் அழிக்க முடியாது என்று சிலுவை சொன்னார். ஒருதடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாம் சரியாகும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது. அனீஷ் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

அப்படியே சாய்ந்து செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தான். எண்ணூறு வரி. ஓரிடத்தில் 'நோ' என்றிருந்ததை 'யெஸ்' ஆக்கினான். திரையில் திறந்திருந்த விண்டோக்களின் தலைப்புகளெல்லாம் காணாமல் போயின. திரும்ப 'நோ' ஆக்கினான், தலைப்பு வரவில்லை. எந்த 'நோ' என்று இப்போது அவனுக்குத் தெரியவில்லை.

கமிட்டிச் செயலாளர் குளோரி டீச்சர் மவுஸை எட்டிப் பார்த்தார். "மக்கா, இவரு மவுஸுல அந்தச் சின்னச் சக்கரத்தைத்தான் உருட்டுனாரு. நான் பாத்தேன். திருப்பி உருட்டு," என்றார்.

அனீஷ் உருட்டினான். செட்டிங்ஸ் கோப்புதான் மேலும் கீழும் ஓடியது. சிலுவை உருட்டினால்தான் வரும் என்று ததேயுஸ் அடம்பிடித்தார். உருட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சிலுவை கையைக் கட்டிக்கொண்டார். மணி ஒன்று ஐம்பத்தைந்து. அனீஷ் திறந்ததையெல்லாம் மூடிவிட்டு, வெறும் சாம்பல்மேல் உருட்டினான்.

நோட்டீஸ் வந்து நின்றது.

"அழியல்ல மாமா," என்றான் அனீஷ். அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை வந்தது. "இதே கம்ப்யூட்டருக்குள்ள வேற டெஸ்க்டாப்புல, பக்கத்துத் திரை மாதிரி, கெடந்திருக்கு. மொத்தம் நாலு உண்டும்போல."

அவன் விரல் சேவுக்குப் போகுமுன் ததேயுஸ் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு மக்கா. நாலுன்னா, மத்ததுல என்ன கெடக்கு?"

"ஒண்ணும் கெடக்காது மாமா. சேவ் பண்ணிட்டுக் காட்டுதேன்."

"அவரு கேக்கது நியாயம்தான," என்றார் சிலுவை. "அவரு பேரு மட்டும் மேல உள்ள நோட்டீஸ் வேற ஒண்ணு அங்க இல்லன்னு எப்படித் தெரியும்? காட்டுலே. பாத்தபெறவு சேவ் பண்ணு."

அனீஷ் டீச்சரைப் பார்த்தான். தீர்மானம் அப்படித்தான் இருக்கிறது என்று டீச்சர் வருத்தத்தோடு சொன்னார். அவன் சக்கரத்தை உருட்டினான். இரண்டாவது, முன்பு பார்த்த அதே சாம்பல். மூன்றாவது டெஸ்க்டாப்பும் சாம்பல். சிலுவை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கு மூலையும் பார்த்தார். நான்காவது, சாம்பல். இதற்குப் பின்னால் ஏதும் இருக்கலாமா என்று ததேயுஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஃபேன் மெதுவாயிற்று. திரை கறுத்தது.

குளோரி டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, ஒன்பதாம் திருநாள் என்று எழுதி, முதல் பெயரைக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு பெயர் சொன்னார்கள்.

"டைப் அடிச்சது இவன்தான," என்றார் ததேயுஸ். "இவன் சொல்லட்டு."

மூவரும் அனீஷைப் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒன்பதாம் திருநாள் பட்டியலை அவன் பதினோரு விதமாக அடித்திருந்தான். பதினொன்றும் அச்சுப்பிசகாமல் ஞாபகம் இருந்தது. கடைசியாக அடித்தது எது என்பது மட்டும், எவ்வளவு யோசித்தும், வரவில்லை.