ஒன்றரை கண்டக்டர்

கண்டக்டர் சுடலைமுத்து காலை ஆறு மணிக்கு ஒரு ஆளாக மினிபஸ்ஸில் ஏறுவார். பத்து மணிக்கெல்லாம் ஒன்றரை ஆளாகப் பொங்கியிருப்பார். இட்லி மாவு பொங்குவதில்லையா, அந்த மாதிரிதான். வயிற்றில் ஈஸ்ட் கூடிவிட்டது என்றார் டாக்டர். பயணிகள் குறை சொல்லவில்லை. நிற்கிறவர்களுக்குச் சாய்ந்துகொள்ள மெத்தென்று இருந்தது.

பஸ் முதலாளி ராஜாமணிக்குத்தான் கவலை.

"சுடலை, பர்மிட்ல ஒரு கண்டக்டர்தான். வெள்ளிக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வாராரு. அன்னைக்கும் ஒன்றரையா நின்னா, மிச்ச அரையை மட்டும் நான் வீட்டுக்கு அனுப்ப முடியாது பாத்துக்க."

டாக்டர் ஈஸ்ட் ஒழிப்புப் பத்தியம் எழுதிக்கொடுத்தார். சர்க்கரை கூடாது, ரொட்டி கூடாது. தானியங்களுக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி. பெரிய படிப்புப் படித்தவர், அவசரப்பட்டு எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வாரா?

ஆகவே தானியங்களைச் சுடலைமுத்தே விசாரித்தார். அவருக்குத் தெரிந்த விசாரணை ஒன்றே ஒன்று: பஸ்ஸில் ஏற்றிக் கடைசி ஸ்டாப் வரை நோட்டம் விடுவது. செவ்வாய்க்கிழமை முதல் நடையில் தானியங்கள் வரிசையாக வந்து ஏறின.

கோதுமை ஜன்னலோரம் பிடித்தது. இரண்டாவது ஸ்டாப்புக்குள் பக்கத்து சீட்டையும் நிரப்பிவிட்டது. விசில் அடித்து இறக்கிவிட்டார். பார்லி பள்ளிக்கூட ஸ்டாப் வரை அடக்கமாக வந்து, அப்புறம் நுரைத்தது. அரிசி தனியாக இருந்தவரை தங்கம். உளுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இரண்டும் குசுகுசுக்க ஆரம்பித்தன.

"ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காரப்படாது."

"நாங்க சொந்தக்காரங்க," என்றது உளுந்து.

"தெரியும். அதான் சொல்லுதேன்."

குதிரைவாலி மட்டும் ஏறினபடியே இறங்கியது. அதையே வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மனைவி பிச்சம்மாள் அதை வேகவைத்துக் கையால் பிசைந்து கொடுத்தாள். மார்கழியில் மாவு பொங்காத வீடுகளில் அவளைத்தான் கூப்பிட்டுக் கையை விட்டுக் கலக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட கை. புதன்கிழமை சுடலைமுத்து ஒன்றேமுக்கால் ஆனார்.

"கரண்டியால கிண்டிக் குடுத்தா என்ன?"

"எங்கை படாம உங்களுக்கு என்னிக்குச் சோறு எறங்கிச்சு?"

அது நியாயம்தான். வியாழக்கிழமை இரண்டாகிவிட்டார். பிச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலை போயிருமோ?"

"போயிரும் போலத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிச்சம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, மினிபஸ்ஸை முன்னும் பின்னுமாக நன்றாகத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்தார். சக்கரத்திலிருந்து கூரை வரை பார்த்தார்.

"இது மினிபஸ்னு யாருய்யா சொன்னது? ரெண்டு பஸ் இருக்கு. ரெண்டு கண்டக்டர் சரிதான்," என்று கையெழுத்துப் போட்டார். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு விரலை அழுத்தி முகர்ந்தார்.

"பதமா இருக்கு. இன்னிக்கே ஊத்திருங்க. நாளைக்குன்னா தோசைக்குத்தான் ஆகும்."

ராஜாமணி பெரிய இட்லித் தட்டு தேடி ஊருக்குள் போனார். சுடலைமுத்து பயணிகளை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு நாலு என்று டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்.