மாப்பிள்ளை ஓட்டிய விமானம்

என் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்கிற தொழில். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்பார். அதில் கொழுத்த காசு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் விமானம் வாங்கினார். நாலு பேர் உட்காருகிற பழைய விமானம். ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

நான் தையற்காரன். அவருடைய விமானிச் சட்டையைத் தைத்தது நான்தான். தோளில் நாலு பட்டை வைக்கச் சொன்னார். அது பெரிய விமானத்துக் கேப்டன் வைத்துக்கொள்வது என்று பட்டை விற்ற கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்காமல் வைத்துத் தைத்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து "வாங்க, சொல்லுங்க, சரிங்க மாப்பிள்ளை" தவிர வேறு பேச்சு என் வாயிலிருந்து அவருக்குப் போனதில்லை. மனதுக்குள் பேசியதை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பாடம் நடக்கும். ஸ்பூன்தான் விமானம்.

"ஏறும்போது எஞ்சின் நின்னா, ரன்வேக்குத் திரும்பணும்னு நினைக்கவே கூடாது மாமா. உயரம் பத்தாது. திரும்புனா தலைகுப்புற விழும். மூக்கைக் கீழ இறக்கி, எதிர்ல என்ன இருக்கோ அதுலதான் இறங்கணும். முட்டாள்தான் திரும்புவான்."

விமானம் விழப்போனால் உள்ளே அலறுகிற எச்சரிக்கை ஊதலை, வீல் என்று வாயாலேயே ஊதுவார். ஸ்பூன் தட்டில் விழும். தெறித்ததை என் மகள் துடைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். முதல் நாள் நல்ல மழை. விமானம் வெட்டவெளியில்தான் நின்றிருந்தது. இறக்கைக்கு அடியில் குனிந்து, தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனையாம்.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க மாமா."

"ஆமாங்க மாப்பிள்ளை."

மகள் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பின்னால். தரையை விட்டு எழுந்து மர உயரத்தைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமியது. அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

மாப்பிள்ளை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எதிரே அறுவடை முடிந்த வயல் சமமாகக் கிடந்தது. மனிதர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னால் ரன்வே ஓரத்தில் அவருடைய சிநேகிதர்கள் கேமராவோடு நின்றிருந்தார்கள். கழுத்து அந்தப் பக்கம்தான் திரும்பியது. விமானமும் சாய்ந்தது.

"மாப்பிள்ளை, நேரா போகணும்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றேன்.

காதில் ஏறவில்லை. இறக்கை இன்னும் சாய்ந்தது. ஊதல் நிஜமாகவே அலறியது. மகள் இருக்கை விளிம்பைப் பிடித்திருந்தாள், விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு இருப்பது அவள் ஒருத்தி.

"டேய் முட்டாள், நேரா போடா. எம் பொண்ணு உள்ள இருக்காடா. மூக்கைக் கீழ இறக்குடா."

பள்ளிக்கூடத்தில் அதட்டு வாங்கிய பையனைப் போலக் கீழ்ப்படிந்தார். வயலில் இறங்கினோம். இறங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது; எகிறி எகிறி விழுந்து, முன்சக்கரம் ஒடிந்து, மண்ணில் குத்தி நின்றது. மகளுக்கு நெற்றியில் வெட்டு, ரத்தம் வழிந்தது. மாப்பிள்ளை இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னை 'டா' போட்டுப் பேசிட்டீங்க."

விசாரிக்க வந்த அதிகாரி தொட்டியைத் திறந்து பார்த்தார்; அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. விமான பெட்ரோல் நீலமாக இருக்குமாம். குழாயில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்து வந்திருந்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியுமாம். இவர் குழாயில் பிடித்தது முழுக்க மழைத் தண்ணீர். காலமெல்லாம் தண்ணீரைக் காட்டிப் பிழைத்தவருக்கு அது அழகாகத்தான் தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே கதை மாறிவிட்டது. எஞ்சின் காலை வாரியதாம், இவர் நிதானமாக வயலைத் தேர்ந்தெடுத்தாராம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம். கதையில் ஒரே குறை, மரியாதை தெரியாத மாமனார். சம்பந்தியம்மா போன் செய்தார்.

"அவனை அவங்க அப்பாகூட டா போட்டதில்ல. நீங்க மன்னிப்பு கேட்டாதான் உங்க பொண்ணோட பேசுவானாம்."

கேட்டுத் தொலைக்கலாம் என்று போனேன். அவள் அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை கூடத்தில் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார். சமையலறையில் மகள், நெற்றியில் கட்டோடு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா வந்தீங்க?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேம்மா. உனக்காகத்தான்."

குழாயை மூடினாள். குரலை உயர்த்தவில்லை.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எனக்காக நீங்க அவர்கிட்ட பேசினது அது ஒண்ணுதாம்பா. அதையும் திருப்பி வாங்கிக்கப் போறீங்களா?"