சோறு பிசைவது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தன்று, பந்தி நேரத்தில், எங்கள் சங்கம் சோறு பிசைவதை நிறுத்திவைத்தது. மறு ஆய்வுக்காக. அன்றிலிருந்து ஊரில் யாராலும் சோறு பிசைய முடியவில்லை. விரல்கள் சோற்றுக்குள் போகும். அங்கேயே நின்றுவிடும்.

இது புதிதல்ல. போன வருடம் சட்டைப் பித்தானை எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலம் முழுக்க ஊரே பனியனோடு திரிந்தது. பித்தான் போடுவது திரும்பி வந்தபோது மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் தலை வாருவது. துறை வளர்வது இப்படித்தான். சங்கம் ஒரு செயலை எடுத்துக்கொள்ளும். படிப்படியாகப் பிரிக்கும். ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் தேடும். பிறகு திருப்பித் தரும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குக் குளிக்கவும் உடுத்தவும் சாப்பிடவும் மறுபடி கற்றுத்தருவது என் வேலை. எங்கள் துறையின் சங்கத்தில் ஆயுட்கால உறுப்பினர். ஒருமுறை விலகப் பார்த்தேன். ஆயுள் முடிந்ததற்கான சான்று கேட்டார்கள்.

என்னிடம் தணிகாசலம் என்ற நோயாளி வந்துகொண்டிருந்தார். லாரி ஓட்டியவர். வலது கை விழுந்திருந்தது. நடக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். அது மட்டும் போதும் என்றார்.

"ஊட்டி உட்டா துன்னமாட்டேன் சார்."

"ஸ்பூன்ல சாப்பிடலாமே?"

"நாக்குல இரும்புதான் தெரியுது."

"இட்லியாவது?"

"அது டிபன் சார். கணக்குல வராது."

உண்மையிலேயே வரவில்லை. அவர் எடை குறைந்துகொண்டே போனது. ஆவணியில் பாதம் தரையை விட்டு எழும்பியது. புரட்டாசியில் அவர் மனைவி கனகவல்லி அவரை வேட்டி முனையால் கட்டிலோடு கட்டிவைத்தார். அந்த வீட்டில் மின்விசிறி போடுவதை விட்டுவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் இப்டியே போனா ஜன்னல் வழியா பூடுவாரு சார்" என்றார் கனகவல்லி. "கம்பி போட்ட ஜன்னல்தான். ஆனா இந்தாளு கம்பி சந்துல நுழையிற அளவுக்கு ஆயிட்டாரு."

"போறேன் போ. உன் தொல்லையாச்சும் உடும்" என்றார் தணிகாசலம், உத்தரத்துக்குப் பக்கத்திலிருந்து.

"வாய் மட்டும் எடை கொறையல, பாத்தீங்களா?"

சங்கம் நிறுத்திவைத்த அன்று தணிகாசலத்தின் விழுந்த கையில் சோறு பிசைவது என்பதே இல்லை. இல்லாததை நிறுத்திவைக்க முடியாது. இதை நான் சங்கத்திடம் சொல்லவில்லை. ஒரு தட்டில் ஈர மணலைக் கொட்டிப் பிசையச் சொன்னேன். மணல் பிசைவதைப் பற்றிச் சங்கம் யோசித்ததில்லை. ஐப்பசிக்குள் அவர் கட்டைவிரல் மணலை உருட்டத் தொடங்கியது. கார்த்திகையில் நல்ல உருண்டையாகவே பிடித்தார்.

சோற்றில் கை வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

"பர்மிட் இல்லாம நான் வண்டிய எடுத்ததில்ல சார். நடுவழில நிறுத்திட்டான்னா? மண்ணும் போயிரும், சோறும் போயிரும். நீ பர்மிட் வாங்கிக் குடு. எடுக்கறேன்."

எனவே அவரைச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குக் கூட்டிப்போனேன். அது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கனகவல்லி வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். காற்று நாங்கள் போகும் பக்கமே அடித்ததால் சிரமம் இல்லை.

வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"பிசியோதெரபி மாநாடா? நேரா போங்க."

இப்படி யாராவது சொன்னால் உறுப்பினர் நின்று திருத்த வேண்டும். அது சங்கத்தின் முதல் விதி. நான் நின்றேன். விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க நடைபாதை நீண்டுகொண்டே போனது. அதன் மறுகோடியில் இருந்த மேடை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது.

"ஆமான்னு சொல்லிட்டுப் போலாம்ல சார்?" என்றார் கனகவல்லி.

"கூடாதும்மா."

"அப்ப ரெண்டுத்துக்கும் இன்னாதான் வித்தியாசம்?" என்று காவலாளி கேட்டார்.

"அவங்க உங்கள நடக்க வைப்பாங்க. நாங்க, நடந்து எங்க போகணும்னு கேப்போம்."

"எங்க போகணும்?"

"மாநாட்டுக்கு."

"அதத்தான நான் மொதல்லயே சொன்னேன். நேரா போங்க."

நேராகப் போனோம். நெடுநேரம் போனோம்.

மேடையில் ஒரு மணமகனும் மணமகளும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் ஆனவர்கள். பந்தி முடியாததால் இருவரும் கிளம்ப முடியவில்லை. சங்கம் அவர்களைச் சிறப்பு விருந்தினர்கள் என்று அறிவித்திருந்தது. வாழ்த்தப் போன என்னிடம் மணமகள், "சார், பந்தி எப்ப முடியும்?" என்று கேட்டாள். மேடை ஏறிய எல்லோரிடமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் தலைவர் குலோத்துங்கன் நின்றார். அவர் போன மாநாட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் ஸ்டாண்டாக மாறிவிட்டார். பதவிக்காலம் முடியாததால் மாற்றவில்லை. செயலாளர் ஜெசிந்தா மேடம் அவர் கழுத்தைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திவிட்டு அறிக்கை வாசித்தார்.

சோறு பிசைவதில் ஒரு படியைத் தவிர எல்லாப் படிகளுக்கும் ஆதாரம் கிடைத்துவிட்டது. பிசைந்தது போதும் என்று கை எப்படி முடிவு செய்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள யாராவது பிசைந்து காட்ட வேண்டும். பிசைவது நிறுத்திவைக்கப்பட்டிருப்பதால் யாராலும் முடியாது. எனவே ஆய்வு தொடரும்.

அவையில் கைதட்டினார்கள். கைதட்டுவது இன்னும் மறு ஆய்வுக்குப் போகவில்லை.

நான் எழுந்தேன். "இவர் பிசைஞ்சு காட்டுவார், மேடம்."

"இளம்பரிதி, உக்காருங்க."

"இவரால முடியும் மேடம்."

"முடிஞ்சா அது விதிமீறல். முடியலைன்னா ஆதாரம் இல்லை. எதுக்கு எழுந்தீங்க?"

"சாப்பிடலைன்னா இவர் போயிடுவார்."

"எங்க?"

நான் மேலே காட்டினேன். தணிகாசலம் சரவிளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து வணக்கம் வைத்தார்.

தலைவர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டார். செயலாளர் காதை அவர் பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"தலைவர் அனுமதி தர்றார்."

இலை வந்தது. சோறு வந்தது. ரசம் வந்தது. தணிகாசலத்தை இறக்கி மேசைக்காலோடு கட்டினோம். அவர் என்னைப் பார்த்தார்.

"இதான் பர்மிட்டா சார்?"

"இதான்."

கையைச் சோற்றில் வைத்தார். விரல்கள் நின்றன. அவையில் ஒருவர் இருமினார். கனகவல்லி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தணிகாசலத்தின் நெற்றியில் வியர்வை அரும்பி, கீழே விழாமல் மேலே போனது.

பிறகு சுண்டுவிரல் அசைந்தது. சுண்டுவிரலை நான் எதிர்பார்க்கவில்லை. அது சோற்றை உள்பக்கமாக இழுத்தது. மற்ற விரல்கள் அதன் பின்னால் வந்தன. உள்ளங்கை ஒருமுறை அழுத்தியது. ரசம் இலையின் நரம்பு வழியே ஓடப் பார்த்தது. கை அதை மடக்கித் திரும்பக் கூட்டிவந்தது. பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். நிறுத்தினார்.

ஆய்வுக் குழுவினர் பாய்ந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"எப்படி முடிவு பண்ணீங்க?" என்றார் செயலாளர்.

"இன்னாத்த?"

"போதும்னு."

"போதும்னு தோணிச்சு."

"யாருக்குத் தோணிச்சு? உங்களுக்கா, கைக்கா?"

"கைக்குத்தாம்மா. நான் பசில கெடக்கறேன், எனக்கு எப்பவோ தோணிடுச்சு."

அவை எழுந்து நின்றது. முதியவர் ஒருவர் அழுதார். துறை வரலாற்றில் இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை என்றார்கள். செயலாளர் இரண்டு கைகளாலும் இலையை மறைத்தார்.

"யாரும் தொடாதீங்க. இனி இதுதான் மாதிரி. கண்ணாடிப் பெட்டியில வெச்சு மூடணும். மூடினவுடனே நிறுத்திவைப்பு நீங்கிடும். ஊர் முழுக்கப் பழையபடி பிசையலாம்."

"பசிக்குது மேடம்" என்றார் தணிகாசலம்.

"அது எங்க துறை இல்லை. உணவியல் சங்கத்தைப் பாருங்க."

"இது என் சோறு மேடம்."

"இது ஆதாரம். வாய்க்குக் கொண்டுபோறது தனிச் செயல். அதுக்கு இன்னும் குழுவே போடலை."

கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். மணமகள் எழுந்து நின்று பார்த்தாள். மண்டபத்துக்கு வெளியே ஊர் முழுக்க ஆட்கள் ஸ்பூனோடு காத்திருந்தார்கள். தணிகாசலம் பெட்டியைப் பார்த்தார். மணமகளைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கற?" என்றார் கனகவல்லி. "துன்னு."

தின்றார்.

முதல் கவளத்தில் பாதம் ஒரு சாண் இறங்கியது. இரண்டாவதில் வேட்டி முனை தளர்ந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுப்பதற்கான நடைமுறை அந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. அவர் அவசரப்படவும் இல்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தன் பக்கமாக மடித்தார். அப்போது குதிகால் தரையில் பட்டது. பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. கனகவல்லி மேசைக்காலில் இருந்த முடிச்சை அவிழ்த்து, "லாரிக்காரன் பாரம் ஏத்திட்டான்" என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

செயலாளர் தலைவரின் கழுத்தை மறுபடி சரிசெய்து அறிவித்தார். ஆதாரம் அழிந்துவிட்டது. சோறு பிசைவது இன்னும் ஒரு வருடத்துக்கு மறு ஆய்வில் இருக்கும். துறை இன்னும் ஒரு வருடம் வளரும். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.

மணமகள் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் ஆனி மாதத்து விருந்தினர்கள் இன்னும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய விரல்களும் சோற்றில் இருந்தன. சிலர் தங்களுக்குள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். தணிகாசலம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. மேடையில் சாப்பிட்டது பற்றவில்லை என்றார்.

எனக்கும் பசித்தது. சோற்றில் கை வைத்தேன். விரல்கள் நின்றுவிட்டன.

பரிமாறியவரிடம் ஸ்பூன் கேட்டேன். மாநாட்டில் ஸ்பூன் ஒரு துணைக்கருவி என்றார். தெரபிஸ்டின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். எனக்கு நானே எழுதிக்கொள்ள முடியாது. கூடத்தில் இருந்த மற்ற தெரபிஸ்டுகளில், நான் கேட்க முடியாத செயலாளரைத் தவிர, எல்லோருடைய எழுதும் கையும் சோற்றில் மாட்டியிருந்தது.

தணிகாசலம் தன் இலையில் பிசைந்துகொண்டிருந்தார். நிறுத்தினார். ஒரு உருண்டை பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"வாயத் தொற சார்."

"வேணாங்க. ஊட்டிவிட்டா எனக்குப் பிடிக்காது."

"எனக்கு மட்டும் புடிச்சிதா?"

எதிர்வரிசையில் செயலாளர் இடது கையில் பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறர் ஊட்டிச் சாப்பிடுகிறவருக்கு எங்கள் அளவுகோலில் மிகக் குறைந்த மதிப்பெண். முழுச் சார்பு என்று அதற்குப் பெயர். அதை நான் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். போடும்போது அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. நிறையப் பேர் வரிசையில் இருப்பார்கள்.

"கை வலிக்குது சார்" என்றார் தணிகாசலம். "சீக்கிரம்."

வாயைத் திறந்தேன். செயலாளர் எழுதினார்.

ரசத்தில் உப்பு குறைவாக இருந்தது.