வாய் திறந்திருந்த நேரம்

...அதைக் குழந்தை என்பதா, குழந்தை ஆகப்போவது என்பதா, எல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாதிரியார் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி பின்னால் சாய்ந்தது, கால் உயர்ந்தது, முகத்துக்கு நேரே விளக்கு, விளக்கின் கண்ணாடிக்குள் எப்போதோ செத்துப்போன ஒரு கொசு. பல் டாக்டர் முகமூடிக்கு மேலே கண்ணால் சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க பேசுவீங்க, நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்னைக்கு நான் பேசுறேன் ஃபாதர், நீங்க வாயைத் திறந்துக்கிட்டு இருங்க." எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த நர்ஸ் களுக்கென்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதி உதடு மரத்துவிட்டதால் அது ஒரு பக்கமாகவே போய் நின்றது. சொத்தை வேர்வரை இறங்கிவிட்டதாம், வலி ஆரம்பித்தபோதே வந்திருக்கலாம்... பல்லைத் தள்ளிப்போட்டது போலத்தான் இந்த டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலையும், ஆயரைக் கேட்டுச் சொல்றேம்மா, ஆயர் வெளியூர் போயிருக்கார்மா, என்று. ஆயர் ஊரில்தான் இருந்தார்.

கேள்வி என்னவோ சின்னதுதான். கருத்தரிப்பு மையத்தில் யாரோ ஒரு தம்பதி, பெற்ற பிள்ளைகள் போதும் என்று, உறைய வைத்திருந்த மிச்சக் கருக்கள் இரண்டையும் வேண்டியவர்கள் தத்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவற்றை இவள் தன் வயிற்றில் வாங்கிக்கொள்ளலாமா? உயிர் கடைச்சரக்கு இல்லை, ஆய்வுக்கூடத்தில் பிள்ளை செய்வது ஆண்டவர் வேலையில் கை வைப்பது என்று அவர் பிரசங்கம் வைத்த அன்று, பாடகர் குழுவின் முன்வரிசையில் இவள் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. பிள்ளைக்காகப் பார்த்துவந்த வைத்தியத்தை அதோடு நிறுத்திவிட்டாள் என்று இவள் மாமியார்தான் வந்து சொன்னாள், பாராட்டுகிறாளா சண்டைக்கு வந்திருக்கிறாளா என்று புரியாத குரலில். இப்போது பல்லைக் குடைந்துகொண்டே அவள், "நாங்க உண்டாக்கலையே ஃபாதர். யாரோ உண்டாக்கிட்டு விட்டுட்டுப் போனது. வாசல்ல கிடக்கிற பிள்ளையைத் தூக்குறதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா?" அவர் கை தானாக உயர்ந்தது. "வலிக்குதா?" இல்லை, பதில் சொல்லத்தான் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். குருமடத்தில் கூடப் படித்த கூட்டாளியைப் போனில் கேட்டபோது, "இதுக்குச் சரின்னுட்டா, எடுத்துக்க ஆள் இருக்குன்னு அந்த மையத்துக்காரன் வேணும்னே இன்னும் நாலு அதிகமாச் செய்வான்பா" என்றான். நியாயம்தான். அப்போ பனியிலேயே கிடக்கட்டுமா என்றதற்கு அவன் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அதுவும் ஒரு வகையில் நியாயம்தான்... இவர் வேண்டாம் என்றால் இவள் கேட்டுக்கொள்வாள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள், அடுத்த ஞாயிறும் வந்து பாடுவாள். அதுதான் தொந்தரவு.

எந்திரம் நின்றது. மெல்லிய ஊசி ஒன்று பல்லுக்குள் நுழைந்தது. அவள் குரல் இறங்கியது. "இன்னொண்ணு கேக்கணும். பனியிலேருந்து எடுக்கும்போதே சிலது தாங்காதாம். அப்படி ஆயிட்டா... நீங்க வந்து செபம் சொல்வீங்களா? சும்மா ரெண்டு வார்த்தை. பேர்கூட இருக்காது." அவர் தலையசைத்தார். எந்தச் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் அசைப்பது போல, யோசனை வந்து சேருவதற்கு முன்னாலேயே. "ஆடாதீங்க ஃபாதர், ஊசி உள்ள இருக்கு!" என்று நர்ஸ் பதறினாள். டாக்டரின் கை மட்டும் அசையவில்லை, கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. செத்ததற்குத்தானே செபம், சாக வேண்டுமென்றால் முதலில் உயிராக இருந்திருக்க வேண்டுமே... அட, எதற்கு ஆமாம் சொன்னோம்?

"வாய் கொப்புளிச்சிக்கோங்க." கொப்புளித்தார், மரத்த பக்கமாக வழிந்து அங்கியெல்லாம் தண்ணீர். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், முதல் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. அவர் காகிதக் குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், நாக்குக்கு இனி உணர்வு திரும்பிவிடும், திரும்பினால் அவளிடம் எதைக் கேட்பது, எந்தக் கேள்விக்கு என் பதிலை எடுத்துக்கொண்டாய் என்றா...