பெட்டிக்குள் திரும்பி வந்த பவுன் காசு

"காச மாத்திட்டானுக, களவாணிப் பயலுக!"

மதன்குமார் போட்ட சத்தத்தில், ஓடைப்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினையே நிறுத்திவிட்டார்கள். மருந்து எங்கே போகப்போகிறது, நாளைக்கு அடித்துக்கொள்ளலாம்.

அவன் கையில் பம்பாயிலிருந்து கூரியரில் வந்த சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ராஜா தலை போட்ட ஒரு பவுன் காசு. மதுரையில் பழைய காசு விற்கிறவரிடம் வாங்கியதாகச் சொன்னான். பம்பாயில் தரம் பார்க்கிற கம்பெனி காசின் தரத்துக்கு ஒரு நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டால் ஏலத்தில் விலை எங்கேயோ போய்விடும் என்று ஆறு மாதமாக டீக்கடையில் பேச்சு. வந்த பெட்டியில் நம்பரைக் காணோம், ஒரு சீட்டுதான் இருந்தது. வாசித்துச் சொன்னவள் அண்ணன் வீரபாண்டியின் பெண்டாட்டி பவானி. காசு அசல்தான். ஆனால் நகையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு அதை எடுத்து அரம் போட்ட தடம் இருக்கிறது, அதனால் தரம் தர முடியாது.

வளையம் என்ற வரியை பவானி மறுபடி ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த வருஷம்தான் மாமியார் சோணையம்மாளின் காசுமாலையில் ஒரு காசு காணாமல் போனது. யாரும் அவளைத் திருடி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பீரோச் சாவி மட்டும் ஆணியிலிருந்து மாமியார் இடுப்புக்குப் போனது. கட்டிய புருஷனே, "எங்கயாச்சும் மறந்து வச்சிட்டியா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டான். மூன்று வருஷம் ஆகியும் அந்த மெதுவை அவளால் மறக்க முடியவில்லை.

"அப்ப இது உங்க காசு இல்லையா தம்பி?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"இல்லவே இல்ல மதினி. அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கு, பாருங்க."

பார்த்தாள். விரலால் பெரிதாக்கியும் பார்த்தாள். போட்டோவில் ராஜாவின் தாடியில் இருந்த கீறல் பெட்டிக் காசிலும் இருந்தது. விளிம்பில் அரம் பட்ட பளபளப்பும் அப்படியே.

"மாத்தல தம்பி. அதே காசுதான்." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, மாலைய எடுத்துட்டு வாங்க."

ஆசாரி வளையங்களை ராஜா தலைக்கு நேர் மேலே வைக்காமல் இடப்பக்கம் ஒதுக்கிப் பற்றவைத்துவிட்டான் என்பது சோணையம்மாளின் நாற்பது வருஷக் குறை. தெருவில் கேட்காத காது இல்லை. மாலையின் அத்தனை காசிலும் அந்தக் கோணல். பெட்டிக் காசின் தடமும் அதே இடப்பக்கம்.

அந்த வியாபாரி யாரிடம் வாங்கினானோ என்று மதன்குமார் முனகினான்.

"ஏலே, நம்ம பீரோவுல கெடந்த காசு மதுரைக்கு எப்படிலே போச்சு?" என்றாள் சோணையம்மாள்.

அவனுக்கு உடனே பைக்கில் பெட்ரோல் பார்க்க வேண்டியிருந்தது.

சோணையம்மாள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினாள். பவானி கையை நீட்டவில்லை.

"இன்னைக்கு வாங்கிக்கிட்டா, நாளைக்கு ஒரு கம்மலக் காணோம்னாலும் நான்தான் அத்தை."

அடுத்த மாதமே அவளும் வீரபாண்டியும் வைகை அணைக்குக் குடிபோய் மீன் வறுவல் கடை போட்டார்கள். கல்லாச் சாவி அவளிடம் இருக்கிறதாம். வீரபாண்டி கேட்டுத்தான் திறக்கிறானாம். தையில் மதன்குமாருக்குக் கடமலைக்குண்டு ஊர்ப் பெண் தேவயானியைக் கட்டிவைத்தார்கள். காசை எடுக்கப் பெட்டியை உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. காசுமாலை இடைவெளியோடுதான் மணமேடை ஏறியது. மூன்றாம் நாளே தேவயானி அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டாளாம். சோணையம்மாள் இடுப்புச் சாவியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம்.