எண்ணிக்கையில் சேராதவள்

ஸாலிஸ்கி ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில், வருஷத்துக்கு ஒரு காலை, படுக்கப்போட்ட கோதுமைச் சாக்குகளில் ஒன்பது எழுந்து வாசலைப் பார்த்து நின்றன. மத்தியானம் தானாகப் படுத்துவிடும். எலித் தொல்லையைச் சொல்வதுபோலத்தான் சுமைக்காரர்கள் இதையும் சொன்னார்கள். சண்டைக்கு முன்னால் அது யூதர்களின் ஜெப ஆலயம். ஜெர்மன்காரன் அதில் குதிரை கட்டினான். அப்புறம் வந்த சர்க்கார் பெஞ்சுகளை அடுப்பில் எரித்துவிட்டுக் கோதுமையைக் கொட்டியது. யூதர்கள் காட்டுக்குப் பின்னால் ஒரே குழியில் கிடந்தார்கள். அவர்களைக் கொண்டுபோன தேதியில்தான் சாக்குகள் எழும்.

மிஞ்சியவள் ஃப்ரூமா ஒருத்தி. கிடங்கைக் கூட்டுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் அப்பா லெய்ஸர் அந்த ஆலயத்தின் ஊழியர். செத்தவருக்கு மகன் கதீஷ் ஜெபம் சொல்ல வேண்டும், அவனையும் சேர்த்துப் பத்து யூத ஆண்கள் நின்றால்தான் அது செல்லும். பனியில் கதவு கதவாகத் தட்டி, தூங்குகிறவனைப் போர்வையோடு இழுத்துவந்து, முப்பது வருஷம் ஊரார் சாவுக்கெல்லாம் பத்துப் பேர் சேர்த்தவர் லெய்ஸர். அவருக்கு மகன் இல்லை. லாரியில் ஏற்றும்போது, "எனக்கு யாரு சொல்லுவா?" என்றுதான் கத்தினார். ஆலயத்தின் மேலே பெண்கள் மாடத்தில் ஒளிந்திருந்த ஃப்ரூமா அதைக் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு நானே கதீஷ் சொல்லலாமா, பத்து ஆண்களை அனுப்புவீர்களா என்று நகரத்து யூத மதப் பெரியவருக்கு எழுதினாள். பெண் சொல்கிற வழக்கமில்லை, ஆட்களை அனுப்பவும் வழியில்லை என்று பதில் வந்தது. சரி என்று, சாக்குகள் எழுந்த காலையில் துடைப்பத்தை வீசிவிட்டு அவற்றோடு போய் நின்றாள். ஒன்பதும் அவளைத் தாண்டி வாசலையே பார்த்தன, இன்னும் ஒருத்தன் வரட்டும் என்பதுபோல. "பத்தாவதா நான் நிக்கிறனே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள்.

"என்ன ஃப்ரூமாக்கா, கோதுமைகிட்டயா சண்டை?" என்றான் கிடங்குக்காரன் ஓஸ்டாப்.

"கோதுமைன்னா தேவலையே. இதுங்க ஆம்பளைங்கடா."

"நான் வேணா நிக்கட்டுமா?"

"நீ யூதன் இல்ல, செல்ல மாட்ட. நான் ஆம்பளை இல்ல, செல்ல மாட்டேன். நல்ல ஜோடி, போ."

பதினோரு வருஷம் இப்படிப் போனது. கால்சட்டை மாட்டிப் பார்த்தாள், முடியை மழித்துப் பார்த்தாள். வேறொரு சாக்கைத் தூக்கி நிறுத்தினாள். அது பொத்தென்று விழுந்தது. பன்னிரண்டாம் வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. குளிர்காலம் தாங்காது என்றார் டாக்டர். அவள் போனால் லெய்ஸர் என்று ஒருவர் இருந்ததைச் சொல்லவும் ஆளில்லை. அந்தத் தேதியில் காலிச் சாக்கு ஒன்றுக்குள் இறங்கி, "சாக்கு வாயைக் கட்டுடா" என்றாள் ஓஸ்டாப்பிடம்.

"மூச்சு முட்டிச் செத்துருவக்கா."

"அவனுங்க மட்டும் மூச்சு விட்டுக்கிட்டா நிக்கிறானுங்க? கட்டு."

ஓஸ்டாப் அழுதுகொண்டே கட்டினான். அப்போதுதான் ஒன்பதும் வாசலைவிட்டு, ஜெபத்துக்கு நிற்கிற கிழக்குச் சுவர்ப்பக்கம் திரும்பின. பத்தாவது சாக்கிலிருந்து கதீஷ் கிளம்பியது, லெய்ஸர் பெயரோடு, ஒரு வார்த்தை விடாமல். ஒன்பதும் ஆமென் என்றதில் உமி உத்தரம்வரை பறந்தது. மத்தியானம் பத்தும் படுத்தன. ஓஸ்டாப் பதறி முடிச்சை அவிழ்த்தான். உள்ளே விளிம்புவரை கோதுமை, நல்ல காய்ந்த கோதுமை. மறுபடி கட்டிச் சுவரோரம் போட்டான். வேலைக்கு வேறொருத்தி வந்தாள்.

இப்போது போய்க் கேட்டால், வருஷத்துக்கு ஒரு காலை பத்துச் சாக்கு எழும் என்பார்கள் சுமைக்காரர்கள். எப்போதுமே பத்துதான் என்பார்கள்.