மூன்று சாண், நாலு விரல்

என் தொழில் பிணவண்டி ஓட்டுவது. வண்டியின் நெற்றியில் மரியாதையாக 'இறுதிப் பயண ஊர்தி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஊர் வாயில் அது பிணவண்டிதான், எனக்கும் அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வண்டி, ஒரே டிரைவர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்பாள் என் மனைவி. அதெல்லாம் சும்மா. மூக்கு நுனியில் வந்து நிற்கிற அளவுக்கு என் கோபத்துக்குப் பொறுமை ஏது?

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு என் வண்டி, அதை இத்தனை வருஷமும் ரிப்பேர் பார்த்த மெக்கானிக் அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் அந்த மெக்கானிக் அண்ணனேதான். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலையைச் சாய்த்தவர், எழுந்திருக்கவே இல்லை. கழுத்துவரை வெள்ளைத் துணி, அதன்மேல் பூ. பக்கத்துப் பெஞ்சில் அவர் மனைவி, அண்ணி, உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்க ஜனம் நின்றது. நான் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் சுற்றியது, ஜோராகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை.

இன்னொரு தடவை திருப்பினேன். மூன்றாம் தடவையும் திருப்பினேன். ஜனம் என்னைப் பார்த்தது. நான் டாஷ்போர்டைப் பார்த்தேன்.

இந்த வண்டி நிற்பது புதிதல்ல. போன மாதம் ஒரு வீட்டு வாசலில், அந்த வீட்டு அம்மாவை ஏற்றிய பிறகு இப்படித்தான் மக்கர் பண்ணியது. அவர் மகன்கள் என் சட்டையைப் பிடிக்காத குறை. எப்படியோ உருட்டிப் புரட்டிக் கிளப்பி, காரியத்தை முடித்துவிட்டு, நேராக அண்ணன் வீட்டை ஒட்டியிருக்கிற அவர் பட்டறைக்கு வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் மேலே நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

அன்று நான் பேசியதை எழுதக்கூட எனக்குக் கை கூசுகிறது. இருபத்திரண்டு வருஷம் 'நீங்க' என்று சொன்ன வாய், அன்றைக்கு 'நீ' என்றது. பட்டறையில் நாலு வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள், எதிர்வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து அண்ணன் அமைதியாகச் சொன்னார்: "டீசல் பைப்புல காத்து இழுக்குதுப்பா. மாத்தணும். அதுவரைக்கும் மேட்டப் பாத்து மூக்கத் தூக்கி நிறுத்தாதே. டீசல் பின்னாடி எறங்கிடும்."

"போன தடவ ஃபில்டர்ன்ன, அதுக்கு முன்னாடி வாஷர்ன்ன. வாயில வர்றதெல்லாம் ரிப்பேரா? உனக்குக் கண்ணும் போச்சு, கையும் நடுங்குது. இன்னும் எதுக்குய்யா ஸ்பானரப் புடிச்சிக்கிட்டு ஊர ஏமாத்தற? இனிமே என் வண்டி மேல கை வெக்காதே!"

அண்ணன் வெளியே வந்து உட்கார்ந்தார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை நிஜமாகவே நடுங்கியது. ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய சாலையில் புதிதாக வந்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர்கள் பேட்டரியை மாற்றினார்கள், செல்ஃபை மாற்றினார்கள். பேட்டரி புதிது, செல்ஃப் புதிது, என் திமிர் மட்டும் பழையது.

அந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை அண்ணன் தெருமுனை வரைக்கும் வந்தேன். 'அண்ணே, தப்பா பேசிட்டேன்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இரண்டு தடவையும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். நாளைக்குச் சொன்னால் என்ன, ஆள் எங்கே போய்விடப்போகிறார் என்று நினைத்தேன்.

சாவுச் செய்தி வந்ததும் யாரும் கூப்பிடாமலே வண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணனை என் வண்டியில், என் கையால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொல்லாமல் விட்டதை இனிமேல் சொல்லவா முடியும்? இதையாவது செய்துவிட்டால் ராத்திரி தூக்கம் வரும் என்று நம்பினேன். வாசலில் அண்ணி என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் குழந்தை மாதிரி விம்மி அழுதுவிட்டேன். அண்ணி அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

இப்போது வண்டி கிளம்பவில்லை.

"என்ன டிரைவர், டீசல் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அண்ணியின் தம்பி. எல்லாம் தெரிந்தவர். அவருக்குத் தெரியாதது, தனக்கு எதுவும் தெரியாது என்பது ஒன்றுதான்.

"இருக்கு."

"தள்ளிப் பாப்பமா? ஆள் இருக்காங்க."

"எதிர்ல மேடு. மேட்டுல தள்ளச் சொன்னா பின்னாடி படுத்திருக்கறவரே எந்திரிச்சு சிரிப்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. மேடு. வண்டி மேட்டைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தெரு அப்படி, வேறு எப்படியும் நிறுத்த இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இறங்கி முன்மூடியைத் தூக்கினேன். அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள அப்போதும் மனசு வரவில்லை, பாருங்கள். எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் கேபிள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஃபியூஸைப் பார்த்தேன், வயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஃபில்டர் மேலிருந்த ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். டீசல் வரவேண்டிய இடத்தில் நுரை வந்தது. அடிக்க அடிக்கக் காற்று கொப்பளித்துக்கொண்டே வந்தது.

நுரை அடங்கியதும் ஸ்குருவை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பிடித்தது. கூட்டம் "அப்பாடா" என்றது. அரை நிமிஷம் ஓடிவிட்டுத் திக்கியது, திணறியது, நின்றுபோனது. மறுபடி காற்றெடுத்தேன், மறுபடி அரை நிமிஷம்தான். மூன்றாம் தடவை அதுவும் இல்லை.

"நான் வேற வண்டிக்கு போன் பண்ணிட்டேன்," என்றார் அண்ணியின் தம்பி.

"யாரக் கேட்டுப் பண்ணீங்க?" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அதே வீடு, அதே வாசல், அதே நான். எனக்கெல்லாம் எத்தனை பட்டாலும் புத்தி வராது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணி வண்டியிலிருந்து இறங்கி வந்தார். இரவெல்லாம் அழுது குரல் கம்மியிருந்தது.

"பைப்பு தம்பி," என்றார்.

"தெரியும் அண்ணி. ஆனா எந்த எடத்துலன்னு தெரியலயே. வெளியில ஒரு சொட்டு ஒழுகல."

"ஒழுகாது. காத்தத்தான் உள்ள இழுக்கும். டேங்க்லேர்ந்து வர்ற பைப்பு, வண்டிக்கு அடியில வளையற எடத்துல ஒரு கிளாம்ப் இருக்காமே, அதுக்கு நேர் மேல. கண்ணுக்குத் தெரியாதாம். வளைச்சுப் பாத்தாத்தான் வாயத் தொறக்குமாம்."

அண்ணிக்கு ஸ்பானர் எது, திருப்புளி எது என்றுகூடத் தெரியாது.

"நீங்க சண்ட போட்டுட்டுப் போனப்புறம் மூணு நாள் இதையேதான் சொல்லிட்டிருந்தாரு. சாப்பிடறப்ப, படுக்கறப்ப, எந்நேரமும் உங்க வண்டிப் பேச்சுதான். காது புளிச்சுப் போச்சு எனக்கு." அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டு கறுப்பு டீசல் பைப் இருந்தது. இரண்டு முனையும் சுத்தமாக வெட்டி, உள்ளே தூசி போகாமல் துணி அடைத்து, பைப்பை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு புதுக் கிளாம்பையும் அதிலேயே கட்டி வைத்திருந்தது.

"அன்னைக்கு நீங்க மேல நின்னு திட்டிட்டிருந்தப்பவே, கீழ படுத்துக்கிட்டுக் கையால அளந்துட்டாராம். மூணு சாண், நாலு விரல். சாயங்காலமே போய் வாங்கிட்டு வந்து வெட்டி வெச்சிட்டாரு."

அண்ணனுடைய அதே சாக்கை வாங்கி விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். எனக்கு மேலே வண்டியின் தரைத்தகடு இருந்தது. தகட்டுக்கு மேலே அண்ணன் இருந்தார்.

கிளாம்பைக் கழற்றிப் பழைய பைப்பைப் பிடித்து வளைத்தேன். அண்ணி சொன்ன இடத்தில் அது வாயைத் திறந்தது. நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு கீறல். கண் போய்விட்டது என்று யாரைப் பார்த்துச் சொன்னேனோ, அவர் இதைக் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் கண்டுபிடித்திருந்தார், அந்த நடுங்குகிற விரலால்.

புதுப் பைப்பை மாட்டினேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கேயே படுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் அழுதேன். "அண்ணே, நான் பேசுனது தப்புண்ணே. என்ன மன்னிச்சிருங்கண்ணே," என்று தகட்டைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டதில் நெஞ்சு கொஞ்சம் லேசானது. பைப்பை வெட்டி வைத்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அண்ணனுக்கு என்மேல் கோபம் இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து காற்றெடுத்துச் சாவியைத் தொட்டேன். தொட்டதுதான் தாமதம், எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. இந்தப் பத்து வருஷத்தில் அது அப்படி ஓடி நான் கேட்டதில்லை. ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். இறங்கி அண்ணியிடம் போனேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் இன்னொரு பிணவண்டி திரும்பியது.

"அத அனுப்பிடுங்க அண்ணி. நம்ம வண்டி கெளம்பிடுச்சு. இனிமே நிக்காது."

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, அவர அந்த வண்டிக்கு மாத்திடுங்க."

எனக்குப் புரியவில்லை. "ஏன் அண்ணி? ஓடுது, கேளுங்க."

"ஓடும். அவர் வெட்டி வெச்ச பைப்பாச்சே, ஓடாம என்ன." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பைப்ப வெட்டி வெச்ச அன்னைக்குத்தான் சொன்னாரு. 'வண்டி மேல எனக்கு என்ன கோவம், அவன் வந்தா இதக் குடுத்துடு, பாவம் ஏறிப் படுக்கறவங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, நான் செத்தா என்னைய அவன் வண்டியில ஏத்திடாதே'ன்னாரு. நீங்க காலையில அழுதுக்கிட்டு வந்து நின்னீங்க, எனக்குச் சொல்ல வாய் வரல. ஏத்திட்டேன். வண்டி கெளம்பலன்னதும் அவர்தான் புடிச்சு நிறுத்தறாரோன்னு ஆயிடுச்சு எனக்கு."

"கோவத்துல சொல்லியிருப்பாரு அண்ணி..."

"அவர் கோவத்துல வார்த்தைய விடற ஆளா தம்பி? நாலு பேர் முன்னாடி நீங்க அத்தன பேசினப்பவும் பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டினாரா?"

நான் போய் எஞ்சினை அணைத்தேன். இன்னும் எந்த வாயால் கேட்பது? அந்த வாயால் பேசித்தானே இவ்வளவும்.

மாற்றுவதற்கு நாலு பேர் வேண்டும். அண்ணியின் தம்பிக்கு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, புது வண்டி டிரைவருக்கு இடுப்புவலி. தலைப்பக்கம் நானே பிடித்தேன். அண்ணன் அவ்வளவு கனமில்லை. துணி கொஞ்சம் விலகி ஒரு கை வெளியே தெரிந்தது. குளிப்பாட்டியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அந்தக் கையைத் தொட்டு உள்ளே வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் மேல் கை வைக்காதே என்று அவர் சொல்ல முடியாது என்பதற்காகத் தொடலாமா? அண்ணிதான் வந்து சரி செய்தார்.

அந்த வண்டி முன்னால் போனது. நான் பின்னால் போனேன். என் வண்டியில் யாரும் ஏறவில்லை, நானும் ஏறுங்கள் என்று கூப்பிடவில்லை. மயானம் மூன்று கிலோமீட்டர். வழியில் பெரிய மேடு ஒன்று உண்டு. ஒரு தடவையாவது திக்காதா, திணறாதா, நடுரோட்டில் நின்று என் மானத்தை வாங்காதா என்று ஏங்கினேன். அப்படி ஆகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.